மொய் நோட்டு

ஆடி மாசம் புதுவயலில் யாரும் தாலி கட்டுவதில்லை.
அதனால்தான் சாக்கோட்டை ரோட்டு மண்டபம் எங்களுக்குக் கிடைத்தது,
கரண்டுக் காசு மட்டும் கொடுத்தால் போதுமென்று.
சாவியை என் கையில் போட்டபடி மேனேஜர் சொன்னார்:
ஆவணி பன்னிரண்டு முதல் முகூர்த்தம்,
அதுக்கு முன்னால ஒரு ஸ்க்ரூ கூடக் கிடக்கக் கூடாது.

பந்தி மேசைகளை ஓரம் தள்ளினோம்.
இலைக்கு அடியில் விரிக்கும் பேப்பர் சுருளைத்
தரையில் உருட்டி, கறுப்பு டேப் ஒட்டினால்
போட்டி மைதானம்.
மணமேடையில் சார்ஜர்.

ஐந்து பேர். எனக்கு மோட்டார் மாட்டத் தெரியாது,
புரோகிராம் தெரியாது, கையெழுத்து நன்றாயிருக்கும்.
உமையா, நீ கணக்கு எழுது என்றார்கள்.

அலமாரியில் எவர் வீட்டுக் கல்யாணத்திலோ மிஞ்சிய மொய் நோட்டு
பாதி வெள்ளையாய்க் கிடந்தது.
ஊர், பெயர், தொகை என்று கோடு போட்டே இருந்தது.

காரைக்குடி, ஷமீமா மாமா பட்டறை, வைப்பர் மோட்டார் இரண்டு.
புதுவயல், ரைஸ் மில், அறுந்த பெல்ட் ஒரு முழம்.
கண்டனூர், சைக்கிள் கடை, போல்ட் நாற்பது.
எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டு என்றே எழுதினேன்.

வைரவன் எதையும் எழுத மாட்டான்.
நான் பாத்துக்கிறேன் என்பான்.
சென்சாரா, நான் பாத்துக்கிறேன்.
பேட்டரியா, நான் பாத்துக்கிறேன்.
அவன் டியூஷன் போகிற நாளெல்லாம்
இலை போட்டும் சோறு வராத பந்திபோல
நாலு பேர் ரோபோவைச் சுற்றி உட்கார்ந்திருப்போம்.

ஜெனிலாதான் சட்டம் போட்டாள்:
இனி அந்த வார்த்தைக்கு ஐந்து ரூபாய் அபராதம்.
முதல் வாரத்திலேயே எண்பத்தைந்து ரூபாய்.
சால்டரிங் கம்பி அதில் வாங்கியது.

ஒரு சாயங்காலம், முனையில் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்தான்.
அக்கா கல்யாணம்.
ஆவணி பன்னிரண்டு.
இதே மண்டபம்.

திருச்சியில் போட்டியும் ஆவணி பன்னிரண்டு.

யாரும் வாழ்த்தவில்லை. பிறகு ஞாபகம் வந்து வாழ்த்தினோம்.

மறுநாளிலிருந்து இடம் மாறி உட்கார்ந்தோம்.
சக்கரம் மாட்டுகிற ஜெனிலா லேப்டாப்பில்,
வைரவன் கையில் சால்டரிங் கம்பி, கட்டைவிரலில் கொப்புளம்.
சொல்லிக் கொடுக்க வரவில்லை அவனுக்கு.
இதெல்லாம் சும்மாவே தெரியும்டா என்று கத்தினான்.
சும்மா தெரியிறதைத்தான் சொல்லு, இவ எழுதட்டும் என்றான் பாண்டித்துரை.
மொய் நோட்டின் பின்பக்கமிருந்து ஏழு பக்கம்
அவன் சொல்ல நான் எழுதினேன்,
திட்டியதையும் சேர்த்து.

ஒன்பது நாள் ரோபோ முன்னைவிட மோசமாக ஓடியது.
அதற்கும் தேதி போட்டிருக்கிறேன்.

விடியாத பஸ்ஸில், அரிசிச் சாக்கில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு போனோம்.
இரண்டாவது சுற்றில் அது இடது பக்கமே இழுத்தது.
போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.
அந்த நேரம் அவன் கையில் சாம்பார் வாளி இருந்திருக்கும்.

நாலாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி:
இடது பக்கம் இழுத்தா என்னைத் திட்டாதீங்க.
முதல்ல சக்கரத்தைத் துடைங்க.

ஷமீமா துப்பட்டா நுனியால் துடைத்தாள்.
மில் பெல்ட்டில் இன்னும் தவிடு இருந்தது.
அப்புறமும் கொஞ்சம் இழுத்தது.
ஜெனிலா ஒரு எண்ணை நாற்பதிலிருந்து முப்பத்தாறு ஆக்கினாள்.
ஏன் முப்பத்தாறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

பத்தொன்பது அணியில் நாலாவது.
கோப்பை மூன்று பேருக்குத்தான்.

திரும்பி வரும்போது மண்டபத்தில் சீரியல் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
வேட்டியில் ரசக் கறையோடு வைரவன் ஓடி வந்தான்.
ரோபோவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
முப்பத்தாறைப் பார்த்து முகம் சுளித்தான்.
விடுங்க, அடுத்த வருஷம் நான் பாத்து

நிறுத்திக்கொண்டான்.
மடியிலிருந்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து நீட்டினான்.

அபராதமா, மொய்யா? என்று கேட்டேன்.

எழுதும்மா என்றான்.